ஒரே சாவியில்

சலவைக்கூடத்தின் ஏற்றுதளத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் விரிப்புகளை ஏற்ற வேண்டும் என்பது விதி. அணைக்காவிட்டால் டீசல் புகை வெள்ளை விரிப்புகளில் படியும். படிந்தால் மருத்துவமனை மூட்டையோடு திருப்பி அனுப்பும். விதியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் அண்ணியின் பிக்கப் வண்டியில் இருந்தது. அணைவதற்கு அது ஒருநாளும் அடம்பிடித்ததில்லை. மறுபடி கிளம்புவதற்குத்தான் அதன் காலில் விழ வேண்டியிருந்தது.

அன்றும் கடைசி மூட்டை ஏறியாயிற்று. பின்பலகையை மாட்டிவிட்டுக் குண்டூசி முன்பக்கம் ஓடினாள்; பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினாள்; இடுப்புவரை உள்ளே கவிழ்ந்தாள். எஞ்சினின் பக்கவாட்டில், கை நுழையவே கூச்சப்படும் இடுக்கில், டீசல் பம்ப் இருந்தது. பின்னால் உள்ள டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எஞ்சினுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதனுள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு தளர்ந்துவிட்டதால், எஞ்சின் நின்றதுமே டீசல் வந்த வழியே டேங்குக்குத் திரும்பிவிடும். அதை மீண்டும் மேலே கொண்டுவரப் பம்பின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த சிறு நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட வேண்டும். காலையும் மாலையும் அதை அழுத்திய கட்டைவிரல் குண்டூசிக்குக் காய்த்துத் தடித்திருந்தது.

மெலிந்த உடம்பும் கூரிய நாக்கும் அவளுக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்திருந்தன. வண்டியோட்டும் அண்ணிக்கு அவள் நாத்தனார். மூட்டை ஏற்றி இறக்குவது அவள் பொறுப்பு. அவள் அழைப்பதைக் கேட்டுக் கேட்டுச் சலவைக்கூடம் முழுவதற்கும் அவள் அண்ணி, அண்ணியாகவே ஆகிவிட்டாள்.

"அண்ணி, செல்ஃப் அடிங்க!"

அண்ணி சாவியைத் திருகினாள். எஞ்சின் வறட்டு இருமல் இருமியது, நின்றது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இன்னும் ஏறல."

பின்னால் வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. "இருமல் இன்னிக்கும் படுத்துக்கிச்சா?" என்று ஓர் ஓட்டுநர் கத்தினார். அந்த வண்டிக்கு அங்கே இருமல் என்றே பெயர்.

"உன் ஹாரனுக்குப் பயந்து டீசல் மேல ஏறிடும்னா அடிய்யா, நல்லா அடி!" என்று பானெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஏற்றுதளத்தின் தளம் கட்டடப் பக்கமாகச் சரிந்திருந்தது. கழுவிய நீர் சாக்கடைக்கு ஓடுவதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். பின்புறமாக வந்து நிற்கும் வண்டிகளின் வால் தாழ்ந்தும் மூக்கு நிமிர்ந்தும் நின்றன. மற்ற வண்டிகளுக்கு அதனால் ஒன்றுமில்லை. இருமலுக்கு மட்டும் அந்த இடம் ஆகவே ஆகாது.

குண்டூசியின் கட்டைவிரலுக்கு அடியில் நெம்புகோல் திடீரென வலுவற்றுத் தொங்கியது. மணிக்கட்டில் சில்லென்று ஏதோ வழிந்தது. அவள் கையை வெளியே எடுத்தாள். முழங்கையிலிருந்து டீசல் சொட்டியது.

"போச்சு அண்ணி. சவ்வு கிழிஞ்சிருச்சு."

சூப்பர்வைசர் தம்முடைய கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். அவர் குரலை உயர்த்துவதில்லை. உயர்த்தாமலே பிறரைக் கேட்கவைக்கப் பழகியவர்.

"நான் கத்துற ஆள் இல்லம்மா. அங்க ஆபரேஷனுக்கு ஆள் படுத்திருக்கு, விரிப்பு இன்னும் வரலன்னு எனக்குத்தான் ஃபோன் வருது. நாளைக்கு லீவு. நாளன்னிக்குக் காலையில உன் வண்டி இங்க வந்து நிக்கணும், அணைக்கணும், ஏத்தணும், ஒரே சாவியில கிளம்பணும். இல்லன்னா..." அவர் வாசலைப் பார்த்தார். அங்கே ஒரு புது வண்டி, இன்னும் இருக்கை உறைகூடப் பிரிக்காமல், ஓரமாக நின்றது. "அந்த வண்டிக்காரருக்கு வாக்குக் குடுத்தாச்சு."

"சார், இத்தனை வருஷமா..."

"வருஷத்தைப் பத்தி நான் பேசலையே. வாசலைப் பத்தித்தான் பேசுறேன்."

மூட்டைகள் புது வண்டிக்கு மாறின. இருமலைத் தள்ளி வெளியேற்றுவதற்குத் துவைப்பவர்களும் மடிப்பவர்களும் வந்தார்கள். வெளுப்புத் தொட்டியில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணும் ஓடி வந்து பின்பலகையில் கைவைத்துத் தள்ளினாள். வண்டி தெருவுக்கு வந்த பிறகு, அவள் உள்ளங்கைகள் பதிந்த இடங்கள் பலகையில் ஈரமாகத் தெரிந்தன. அந்த இடங்களில் பெயின்ட் மங்கத் தொடங்கியிருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் பார்த்தாள்.

அந்தத் தொட்டியில் இதற்கு முன்பு கையை விட்டு நின்றவன் அண்ணியின் கணவன்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கக் குண்டூசி ஒரு வழி கண்டாள். சலவைக்கூடத்தின் பின்புறம் கிடந்த காலியான சோப்புக் கேனை எடுத்துவந்து கழுவித் துடைத்தாள், ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சி டேங்கிலிருந்து டீசலை அதில் இறக்கினாள், காறித் துப்பினாள். பிறகு சரக்குத் தளத்தில் ஏறி, ஓட்டுநர் அறையின் கூரைமேல் கேனைத் தூக்கி வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கேனிலிருந்து இறங்கிய ஹோஸ் பானெட்டுக்குள் போனது. டீசல் தானாகவே எஞ்சினுக்கு வழிந்தது. வண்டி கிளம்பியது.

"குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?" என்று வழியில் ஒரு சைக்கிள்காரர் கேட்டார்.

"உங்க வீட்டுக்குத்தான்! பெட் காலியா இருக்காமே!"

மூன்று பேரின் வயிறு அந்த வண்டியில் இருந்தது. அண்ணி அதைப் பற்றி யோசிக்காமல் கியரை மட்டும் மாற்றினாள். கேனை நிரந்தரமாகக் கட்டிவைக்கவும் வழியில்லை. ஒரு சொட்டு சிந்தினாலும் விரிப்புகளில் வாடை ஏறிவிடும்.

மெக்கானிக் பட்டறை வாசலிலேயே அவர்களை நிறுத்தினார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர் தலையை வெளியே எடுக்கும்போதே கையை விரித்தார்.

"இந்தப் பம்ப இப்ப எவனும் செய்யறதில்ல. வண்டிய எடைக்குப் போடுங்க. இரும்பு நல்ல இரும்பு."

"வேற வழியே இல்லையாண்ணே?"

"கரண்ட் பம்ப் போடலாம். பழசக் கழட்டிட்டு, பேட்டரியில ஓடுறத வெக்கணும். சாவியத் திருப்பினா அதுவே டீசலக் கொண்டாந்துரும். ஆனா முழு நாள் வேலை. நாளைக்கு எனக்கும் லீவு." அவர்கள் கிளம்பப் போகும்போது அவருக்கு மனம் கேட்கவில்லை. "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. புது பெட்ரோல் கார்ல இருக்கறத மாட்டிடாதீங்க. அது சீறி அடிக்கும். இந்தக் கிழட்டு எஞ்சின் சீலெல்லாம் பிச்சிக்கும். மெதுவாத் தள்ளுறதாப் பாருங்க."

மெதுவாகத் தள்ளுவது பழைய இரும்புக்கடையில் கிடைத்தது. உள்ளங்கை அளவிலான தகரப் பெட்டி, இரண்டு பக்கமும் குழாய் மூக்கு, இரண்டு வயர். குண்டூசி அங்கேயே பேட்டரியில் தொட்டுப் பார்த்தாள். டிக் டிக் டிக் என்று அது துடித்தது. வீட்டு முற்றத்தில் துருவேறிக் கிடந்த கூரைக் கம்பிச் சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் பம்பை எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தாள். பேசி முடிப்பதற்குள் கடைக்காரர் ஒரு ஃபில்டரையும் ரிலேயையும் இனாமாகக் கொடுத்திருந்தார். ஏன் கொடுத்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே முற்றத்தில் பானெட் திறந்தாயிற்று. வீடு என்பது ஓர் அறையும், அதன் முன்னால் வண்டி நிற்கும் அளவுக்கு ஒரு முற்றமும். முற்றம் சமதளம், அதன் வாயிலிலிருந்து தெரு சரிந்து இறங்கியது. கணவன் மனையை எடுத்துப்போட்டு எஞ்சினுக்கு எதிரே உட்கார்ந்தான். வண்டியை ஓட்டுவது எப்போதும் அவள். அதன் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்போதும் அவன். தொட்டியில் வேலைக்கு நின்ற காலத்திலும் மாலையில் வந்து அதன் அடியில் படுத்துக்கொள்வான்.

வெளுப்பு மருந்தில் கை முதலில் வெளுக்கும்; பிறகு சுருங்கும்; பிறகு வெடிக்கும். அவனுக்கு மூன்றும் நடந்து முடிந்திருந்தன. விரல்களை மடக்கினால் மூட்டுக்கு மூட்டு தோல் பிளந்தது. 'கை சரியானதும் வா' என்று அனுப்பினார்கள். கை சரியாகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

"பன்னெண்டாம் நம்பர் ஸ்பானர எடு. அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. ம். இடப்பக்கம் திருகு."

"இடப்பக்கம்தான் திருகுறேன்."

"உனக்கு இடப்பக்கமா, வண்டிக்கு இடப்பக்கமா?"

"ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான் பாத்துக்கிட்டு இருக்கோம், என்னங்க!"

போல்ட் அசையவில்லை. அவன் பொறுமையிழந்து எழுந்து, ஸ்பானரை வாங்கி ஓர் அழுத்து அழுத்தினான். போல்ட் அசைந்தது. ஸ்பானரின் பிடியில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. அண்ணி ஸ்பானரைத் திரும்ப வாங்கிப் பிடியைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த போல்ட்டுக்குப் போனாள். அவன் மனைக்குத் திரும்பினான்.

பழைய பம்ப் கழன்று வந்தது. அது இருந்த இடத்தில் எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு துளை வாய் பிளந்து நின்றது. அதை அடைக்காவிட்டால் ஆயில் முழுதும் வெளியே வந்துவிடும். அடைப்பதற்கான இரும்புத் தகட்டைப் பக்கத்துத் தெரு வெல்டர் வெட்டித் தந்திருந்தார். இடையில் வைக்கப் பேக்கிங் வேண்டும். குண்டூசி தடித்த அட்டைக் காகிதத்தைத் துளையின்மேல் பரப்பி, விளிம்பு நெடுகச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தாள். தட்டத் தட்ட, துளையின் வடிவம் அப்படியே காகிதத்தில் அறுந்து வந்தது.

"பரவால்லையே," என்றான் அண்ணன். "நாக்கத் தவிர உனக்கு வேற ஆயுதமும் இருக்கு."

"நாக்கால அறுத்தா ஓரம் இன்னும் சுத்தமா இருக்கும்ணே. பாவம்னு விட்டேன்."

புதுப் பம்பை எங்கே வைப்பது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. அண்ணி, "பின்னால, டேங்க்குப் பக்கத்துல வெச்சா என்ன?" என்று கேட்டாள்.

"சலவைக்கூடத் தெருவுல அரைச்சக்கரத்துக்குச் சோப்புத் தண்ணி நிக்குது. கரண்ட் சாமானத் தண்ணிக்குள்ள கொண்டுபோயா வெப்ப? இத்தனை காலமும் பம்ப் முன்னாலதான இருந்துச்சு? முன்னாலயே இருக்கட்டும்."

சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எஞ்சின் அறையின் மேல்பக்கத்தில், தண்ணீர் கனவிலும் எட்டாத உயரத்தில், பம்ப் ஏறி உட்கார்ந்தது. ஹோஸ்களை மாட்டிக் கிளிப்புகளை இறுக்கினார்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து பம்ப் என்று அவன் சொல்லச் சொல்ல அண்ணி வயரை இழுத்தாள்.

சாவியைத் திருப்பினாள். டிக் டிக் என்று தொடங்கிய பம்ப், சற்று நேரத்தில் கொசு காதருகே வந்ததுபோல் கீச்சென்று ஒலித்தது. செல்ஃப் அடித்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. குண்டூசி கைதட்டத் தொடங்கினாள். அவள் தட்டி முடிப்பதற்குள் எஞ்சின் இருமியது; தள்ளாடியது; நின்றது.

ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தில் டீசலைவிடக் குமிழிகளே அதிகம் தெரிந்தன. காற்று புகுந்திருந்தது. கிளிப்புகளை மறுபடி இறுக்கினார்கள், காற்றை வெளியேற்றினார்கள், கிளப்பினார்கள். நின்றது. மறுபடி இறுக்கினார்கள். நின்றது.

"பம்ப் ஓட்ட," என்றான் அவன். "அந்த இரும்புக்கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"உன் வாயில ரெண்டு கிளிப்ப மாட்டி இறுக்கினாத்தான் இந்த வீடு உருப்படும்!"

"மாட்டுண்ணே. அப்புறம் கடைக்காரன்கிட்ட யாரு பேசுவா? நீயா?"

அவன் எழுந்து அறைக்குள் போனான். அண்ணன், தங்கை இருவரில் யாரையும் அண்ணி தடுக்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கற்ற பாடம். அவள் ஃபில்டர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கட்டிலை உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. குண்டூசியும் அவரும் பின்னாலிருந்து தள்ள, அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியைத் தெருச் சரிவில் மூக்குத் தாழ இறக்கி, பிரேக்கை அழுத்தி நிறுத்தினாள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியைத் திருப்பி வைத்திருந்ததால் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் கீச்சொலி சரிவில் இறங்க இறங்கத் தணிந்தது. நின்றபோது, நிதானமான டிக் டிக் மட்டுமே கேட்டது.

அவள் செல்ஃப் அடித்தாள். எஞ்சின் உறுமி எழுந்தது. இருமவில்லை, தள்ளாடவில்லை. கட்டில் உள்ளே போய்ச் சேர்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. கணவன் வாசலுக்கு வந்து நின்றான்.

"சரியாப் போச்சா?"

அவள் பின்கியர் போட்டு வண்டியை முற்றத்துக்கு ஏற்றினாள். சமதளத்துக்கு வந்ததும் கீச்சொலி திரும்பியது. எஞ்சின் நின்றது.

குண்டூசி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவ்ளோதான். இனிமே உலகம் பூரா ரோட்டச் சரிவாப் போடச் சொல்லணும்."

அண்ணி இருக்கையைவிட்டு இறங்கவில்லை. சலவைக்கூடத்தில் மூக்கு மேலே, வால் கீழே. அங்கே டீசல் ஓடிப்போகும். தெருவில் மூக்கு கீழே, வால் மேலே; இங்கே டீசல் நிற்கிறது. நேற்று கேன் கூரைமேல் இருந்தது. பம்பே இல்லாமல் வண்டி ஓடியது. ஊறிய விரிப்புகளைச் சலவைக்கூடத்தில் ஏற்றும்போதும் அப்படித்தான்: மேலே நின்று இழுத்தால் நான்கு பேருக்கும் வராத மூட்டை, கீழே நின்று தோள்கொடுத்தால் ஒருத்திக்கே எழும்பும்.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "இந்தப் பம்பு நல்ல பம்புதான். இதுக்குத் தள்ளத் தெரியும், இழுக்கத் தெரியாது. நாம இத மேல உக்கார வெச்சு, இழு இழுங்கறோம். டீசல் தானா வந்து இது வாயில விழணும். அப்புறம் பாருங்க, எங்க வேணும்னாலும் தள்ளும்."

அவன் வாசற்படி இறங்கி வந்தான். வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து டேங்கைப் பார்த்தான். அதன் அடிமட்டத்தைப் பார்த்தான். சேசிஸ் சட்டத்தில் ஓர் இடத்தைப் புறங்கையால் தட்டினான்.

"இங்க," என்றான். "டேங்க்குக் கீழ. நீ காலையிலயே சொன்ன." பிறகு, தோல்வியை முழுவதுமாக ஒப்புக்கொள்ளாத குரலில், "தண்ணிக்கு என்ன பண்ணப் போற?" என்று கேட்டான்.

குண்டூசி எழுந்து போய் நேற்றைய சோப்புக் கேனை எடுத்து வந்தாள். கத்தியை அடுப்பில் காய்ச்சிக் கேனைக் குறுக்கே அறுத்தாள். பாதிக் கேன் ஒரு குல்லாவைப்போல் கையில் வந்தது. "சோப்புத் தண்ணிக்கு சோப்புக் கேன். சம்பந்தி உறவு, விட்டுக்குடுக்காது."

வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. முன்னாலிருந்து பின்னால் வரை வயர் எட்டவில்லை. அண்ணி அறைக்குள் போய் இஸ்திரிப் பெட்டியின் வயரை வெட்டிக்கொண்டு வந்தாள், கனமான செம்பு. "சட்டை?" என்றான் கணவன். "சுருக்கத்தோட போட்டுக்கலாம்," என்றாள். பம்ப் அதிராமலிருக்கப் பழைய ட்யூபிலிருந்து ரப்பர்த் துண்டுகள் வெட்டி அடியில் வைத்தார்கள். எர்த் வயரை மாட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு கண்ணாடிபோல் மின்னும்வரை அவள் உப்புக்காகிதத்தால் தேய்த்தாள்.

டேங்கிலிருந்து வரும் குழாயைப் பம்பின் மூக்கில் ஏற்றுவதற்கு ஒருவர் அதை வளைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏற்கெனவே அடியில் படுத்திருந்த அண்ணிக்கும் குண்டூசிக்கும் கை ஒழியவில்லை. இன்னோர் ஆள் நுழைய மட்டும் இடம் இருந்தது. அவன் வண்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தான். விரல்களைப் பயன்படுத்தாமல் முழங்கையை மடித்து, மடிப்புக்குள் குழாயை இறுக்கி வளைத்தான்.

"இந்தா. மாட்டு."

அண்ணி மாட்டினாள். கிளிப்பை இறுக்கினாள். டீசல் அவன் கன்னத்தில் சொட்டியது. மூவரும் ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படும்படி அந்த இருட்டுக்குள் கிடந்தார்கள்.

"அண்ணே, தும்மிடாத."

"தும்மினா?"

"வண்டி இருமும். குடும்பமே சீக்காயிடும்."

அவன் சிரித்தான். சிரிப்பு அதிர்ந்து குழாய் நழுவப் பார்த்தது. "பிடிங்க!" என்று அண்ணி அதட்டினாள், அவளும் சிரித்துக்கொண்டுதான் அதட்டினாள்.

பாதிக் கேன் பம்பைக் கவிழ்ந்து மூடியது. முன்பக்கம் போய் ஃபில்டரின் தலையில் இருந்த திருகை அண்ணி தளர்த்தினாள். குண்டூசி சாவியைத் திருப்பினாள். திருகின் ஓரத்தில் நுரை பொங்கியது. பிறகு குமிழிகள் குறைந்தன. பிறகு குமிழியே இல்லாமல் டீசல் தெளிவாக வழிந்தது. திருகை இறுக்கினாள். எஞ்சின் கிளம்பியது. ஓடியது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, அது ஓடிக்கொண்டே இருந்தது.

"இது போதாது," என்றான் அவன். "ஏற்றுதளத்துல மூக்குத் தூக்கி நிக்கும். முன்சக்கரத்துக்குக் கல்ல வை."

தட்டையான கற்களை அடுக்கி முன்சக்கரங்களை ஏற்றினார்கள். வண்டி மூக்கை நிமிர்த்தி நின்றது. அணைத்தார்கள். குண்டூசி உடனே சாவிக்குப் போனாள், அவன் தடுத்தான்.

"மூட்டை ஏத்துற நேரம் ஆகட்டும். டீசலுக்கு ஓடிப்போற எண்ணம் இருந்தா ஓடட்டும்."

பாத்திரம் கழுவினார்கள், சிதறிக் கிடந்த ஸ்பானர்களைத் துடைத்து அளவு வரிசையில் அடுக்கினார்கள். அதன் பிறகு அவன் தலையசைத்தான். அண்ணி சாவியைத் திருப்பினாள். டிக் டிக் டிக். செல்ஃபைத் தொட்டாள். தொட்டதுதான் தெரியும், எஞ்சின் எழுந்துவிட்டது.

அவன் புறங்கையால் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினான். குண்டூசி தன் காய்த்த கட்டைவிரலைக் கண்முன் நீட்டிப் பார்த்து, "உனக்கு இன்னியோட ரிடயர்மென்ட்" என்றாள்.

கைகழுவ உட்கார்ந்தபோது அவன் மெதுவாகக் கேட்டான்: "என் எடத்துல யாரு நிக்கிறா?"

"ஒரு பொண்ணு. புதுசு."

"கையுறை?"

"சூப்பர்வைசர் ரூம்ல ஆணியில மாட்டியிருக்கு. உறையோட."

"எப்பவும் அங்கதான் இருக்கும்," என்றான். "பாக்க வர்றவங்களுக்குக் காட்டணுமே." அவள் அவன் கைகளில் எண்ணெய் தடவிப் பழைய துணியைச் சுற்றினாள்.

காலையில் சலவைக்கூடத் தெருவின் சோப்புத் தண்ணீருக்குள் இருமல் இறங்கியது. நுரை இரண்டு பக்கமும் விலகியது. குண்டூசி தலையை வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்த்தாள். பம்பின் டிக் டிக் மாறவில்லை. புது வண்டி ஏற்கெனவே வாசலில் வந்து நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அழைப்புக்குக் காத்திருப்பவர்போல் ஒரு காலைத் தொங்கவிட்டிருந்தார்.

அண்ணி பின்புறமாக ஏற்றுதளத்தில் வண்டியை நிறுத்தினாள். மூக்கு நிமிர்ந்தது. எஞ்சினை அணைத்தாள். சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூட்டைகள் ஏறின. வழக்கமாக நடுவிலேயே பானெட்டைத் திறக்க ஓடும் குண்டூசி, அன்று மூட்டைகளை ஓரம் தட்டி நேராக்கி, கயிற்றை நிதானமாக முடிந்தாள். அவள் ஓடாததைப் பார்த்து மடிப்பவர்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். துவைப்பவர்கள் வந்தார்கள். வரிசையில் இருந்த ஓட்டுநர்கள் ஹாரனில் கைவைக்காமல் எட்டிப் பார்த்தார்கள்.

பின்பலகை மாட்டியாயிற்று. குண்டூசி வந்து அண்ணியின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். அந்த இருக்கையில் அவள் ஏற்றுதளத்தில் உட்கார்ந்ததை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

அண்ணி சாவியைத் திருப்பினாள். பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று கேட்டது. ஒரு மூச்சு பொறுத்தாள். செல்ஃபைத் தொட்டாள்.

எஞ்சின் ஒரே உறுமலில் எழுந்தது.

யாரோ கையிலிருந்த தலையணையுறையைச் சுழற்றி வீசினார்கள். கூச்சல் கூரையில் மோதியது. "இருமல் நின்னுருச்சு! இருமலுக்கு மருந்து குடுத்துட்டாங்க!" என்று நேற்று முன்தினம் ஹாரன் அடித்த ஓட்டுநரே கத்தினார்.

"அணை," என்றார் சூப்பர்வைசர்.

அவள் அணைத்தாள்.

"மறுபடி போடு."

போட்டாள். எழுந்தது.

"அணை. இன்னொரு தரம்."

"சார்," என்றாள் குண்டூசி, "ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு ஆள் படுத்திருக்கு. உங்களுக்குத்தான் ஃபோன் வரும்."

சிரிப்பு வெடித்தது. சூப்பர்வைசரின் உதடும் ஒரு நொடி இடம் மாறியது. அவர் வாசல் பக்கம் பார்த்து, புது வண்டிக்காரருக்குக் கையால் மறுப்புக் காட்டினார். தொங்கிய கால் உள்ளே போயிற்று, கதவு சாத்திக்கொண்டது.

"போம்மா. நேரமாகுது," என்றார் அண்ணியிடம். "நாளைக்கும் இதே மாதிரி."

"நாளைக்கும் இதே மாதிரிதான் சார்," என்றாள் அவள்.

கியர் விழுந்தது. முழுச் சுமையோடு இருமல் சரிவில் ஏறி, நுரையைக் கிழித்துக்கொண்டு தெருவுக்கு வந்தது. குண்டூசி ஜன்னலுக்கு வெளியே கட்டைவிரலை நீட்டி எல்லாருக்கும் காட்டிக்கொண்டே போனாள். அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

ஏற்றுதளத்தின் விளிம்பில் நின்று அத்தனை பேரும் கையசைத்தார்கள். வெளுப்புத் தொட்டியை விட்டு ஓடி வந்திருந்த அந்தப் பெண், எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கி, வாய் நிறையச் சிரித்து ஆட்டினாள். முழங்கை வழியே நீர் சொட்டிய அந்தக் கை, மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை, வண்டியில் ஏறிய விரிப்புகளின் நிறத்தில் இருந்தது. அவளுக்குப் பின்னால், கண்ணாடி அறையின் சுவரில், உறை பிரிக்காத கையுறைகள் ஆணியில் தொங்கின.